ஆறாம் மணிக் கோடு

லெப்சிஸ், எண்ணெய்ச் சந்தை
ஆகஸ்ட் முதல் தேதிக்கு ஆறு நாள் முன்

அன்னோபால் தன் மகள் அரிசாத்துக்கு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்திருக்கிறது.

அக்விலேயா துறைமுகத்தில் என் சரக்கை இறக்குகிற பலித்தோவை உனக்குத் தெரியும். அவன் கப்பலில் இது வரும். அங்கிருந்து வடக்கே மலைச் சாலையில் ரோமாபுரிப் படையின் வண்டி உன் முகாமுக்குக் கொண்டு சேர்க்கும். கூட மூன்று சாமான்: ஒரு சாடி எண்ணெய், ஒரு கூடை உலர்ந்த அத்திப்பழம், ஒரு கல். எண்ணெய் முதல் பிழிவு. உங்கள் பக்கம் எல்லாவற்றையும் வெண்ணெயில் வதக்குகிறார்களாமே. என்ன ஊரோ.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. பதினான்கு வயதில் தோளில் எண்ணெய்த் தோல்பையோடு இந்தச் சந்தைக்குள் நுழைந்தவன். இன்று மூன்று செக்கும் இந்த அளவு மேடையும் என்னுடையவை. யாரிடமும் கெஞ்சி வாங்கியதில்லை. மகளிடம் மட்டும் கெஞ்சுவேனா என்று இருந்தேன். உன் புருஷனைப் பற்றி நான் சொன்னதையும் திருப்பி வாங்கப் போவதில்லை. ஊரார் நிலத்துக்கெல்லாம் நூல் பிடிக்கிறவன், தனக்கென்று ஓர் அடி நிலம் இல்லாதவன், நம் ஊருக்கு எல்லை அளக்க வந்து என் வீட்டை அளந்துகொண்டு போய்விட்டான்.

ஆனால் விஷயம் இதுதான். விடிந்து ஒன்பதாம் மணிக்கு, பிற்பகலில் கடையை மூடியதும் நீ ரொட்டி கொண்டுவருவாய், இரண்டாகப் பிய்த்துத் தின்போம். இப்போது முழு ரொட்டியையும் நானே தின்கிறேன். வயிறு கெட்டுப்போகிறது.

அதனால் ஓர் ஏற்பாடு. அந்தக் கல் நிழலை வைத்து மணி பார்க்கிற நிழல்கல். நம் சந்தை நிழல்கல்லைச் செதுக்கிய ரொகாத்துஸே இதையும் செதுக்கினான். உன் முற்றத்தில் தெற்குப் பார்த்து வை. நிழல் ஒன்பதாம் கோட்டைத் தொட்டதும் நீ உட்கார். இங்கே தொட்டதும் நான் உட்காருகிறேன். ஒரே கை வெட்டிய கோடு, ஒரே சூரியன். ஒரு படி எண்ணெய் எங்கே அளந்தாலும் ஒரு படிதானே. மணியும் அப்படித்தான்.

இதெல்லாம் குளிர்காலத்தில் கப்பல் ஓடாமல் கடல் மூடி மறுபடி திறக்கும்வரைதான். வருகிற ஜூன் முதல் தேதி பலித்தோவின் கப்பல் அக்விலேயாவிலிருந்து திரும்பும். அதில் உனக்கு ஓர் இடம் சொல்லிவைத்திருக்கிறேன். உனக்கு மட்டும். உன் நூல்காரன் படையில் இன்னும் ஒன்பது வருடம் அளக்க வேண்டியிருக்கிறது, அளக்கட்டும். நீ வீட்டுக்கு வந்துவிடு.


லவுரியாக்கம் முகாம்
அக்டோபர் முதல் தேதி

அப்பாவுக்கு அரிசாத் எழுதுவது.

கல் வந்தது. ஒரு மூலை உடைந்திருக்கிறது, கோடுகள் தப்பித்தன. சாடி வாய்வரை இருந்தது. உங்கள் முத்திரையைப் பார்த்து வண்டிக்காரன் பயந்திருப்பான். அத்திப்பழம் ஒரே வாரத்தில் காலி. ஏன் என்று கேட்காதீர்கள்.

அவருக்கு நூல்காரன் என்று பெயரில்லை, மத்தூருஸ் என்று பெயர். நீங்கள் அனுப்பிய கல்லை முற்றத்தில் நேர் தெற்குப் பார்த்து நிறுத்தியவரும் அவர்தான். அரை நாள் குச்சி நட்டு, நிழல் பார்த்து, மண்டியிட்டுச் செய்தார். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா இருக்கா?" என்று கேட்டேன். "கல்லு நல்ல கல்லு" என்றார். அடுத்த நாள் சாலை அளக்கக் கிளம்பிவிட்டார். மாதத்தில் இருபது நாள் அவர் சாலையில்தான். பக்கத்து வீட்டுக்காரி பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. இருவரும் ஒருவர் கோழியை ஒருவர் விரட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

இங்கே வரும்போது வழியெல்லாம் மைல்கற்களை எண்ணினேன். இருநூற்று எழுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஆயிரம் எட்டுக்கு ஒரு கல் என்கிறார்கள். ஆனால் இடது கால் வைத்து, வலது கால் வைத்து, மறுபடி இடது கால் வைத்தால்தான் அவர்களுக்கு ஓர் எட்டு. நான் நடந்ததில் பாதி எந்தக் கல்லிலும் ஏறவில்லை.

ஒன்பதாம் மணிக்கு உட்காருகிறேன். ஒரு நாளும் தவறவில்லை. அந்த நேரம் மட்டும் இந்த ஊர் கொஞ்சம் தள்ளிப் போகிறது.

கப்பலைப் பற்றிப் பிறகு. முதலில் ஒரு கேள்வி. நான் கிளம்பிய அன்று உச்சிவேளையில் சந்தைக்கு வந்தேன். மூட்டையோடு உங்கள் மேடைக்கு நாலு முழம் தள்ளி நின்றேன், அந்த மூன்று கோட்டு அளவுக்கல் பக்கத்தில். சின்ன வயதில் கையை வைத்து வைத்து நான் முழம் பார்த்த கல். மூன்று முறை அப்பா என்று கூப்பிட்டேன். நீங்கள் குளியல் கூடத்து மக்கேருக்கு எண்ணெய் அளந்துகொண்டிருந்தீர்கள். நிமிரவே இல்லை. மக்கேர் கூட நிமிர்ந்து பார்த்தான். நீங்கள் பார்க்கவில்லை.

ஏன்? இதற்குப் பதில் சொல்லுங்கள். அப்புறம் கப்பலைப் பற்றிப் பேசலாம்.


லெப்சிஸ்
ஜனவரி பதிமூன்றாம் தேதி

அரிசாத்துக்கு.

கடல் மூடியிருக்கிறது. இதை எழுதிப் பெட்டியில்தான் போடவேண்டும், மார்ச்சில்தான் கப்பல் ஏறும். போகாது என்று தெரிந்து எழுதுவது ஒருவிதத்தில் சௌகரியம்தான்.

செக்கு மூன்றும் ஓடுகிறது. குளிர்காலத்தில் பகல் குட்டை, அதைப் பன்னிரண்டாக வெட்டினால் மணியும் குட்டை. கூலியாட்கள் கையை ஓங்குவதற்குள் பத்தாம் மணி வந்துவிடுகிறது. கோடையில் இதே ஆட்கள் அதே பத்து மணி நேரம் முதுகொடிய வேலை செய்தபோது நான் வாயைத் திறக்கவில்லை, அதனால் இப்போதும் திறக்க முடியவில்லை.

அத்திப்பழம் ஒரே வாரத்தில் காலி, ஏன் என்று கேட்காதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கமாட்டேன். உன்னைச் சுமந்தபோது உன் அம்மா ஒரு மரத்தையே காலி பண்ணினாள். எனக்கும் கணக்கு வரும். பிறந்ததும் பிள்ளை எத்தனை அடி என்று உன் நூல்காரனை அளந்து சொல்லச் சொல். அவன் கோல் எனக்கு உபயோகப்படட்டும், ஒரு தடவையாவது.

சரி. உன் கேள்வி. இரண்டு மாதமாக ஏய்த்துக்கொண்டிருக்கிறேன்.

அளக்கத் தொடங்கினால் எண்ணெய் விளிம்பைத் தொடும்வரை விற்கிறவனும் வாங்குகிறவனும் மேடையில் குடைந்த அளவுக் குழியிலிருந்து கண்ணெடுக்கக் கூடாது என்பது எங்கள் சந்தை வழக்கம். அது உனக்கும் தெரியும். அதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று முதலில் நினைத்தேன்.

நீ கூப்பிட்ட மூன்றும் காதில் விழுந்தது. குழி நிரம்பட்டும், பிறகு நிமிரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊற்றினேன், நிரம்பவில்லை. இன்னும் ஊற்றினேன், நிரம்பவில்லை. குழிக்கு அடியில் உள்ள துளைக்கு அடைப்பான் செருகவே இல்லை, அரிசாத். நாற்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. ஊற்ற ஊற்ற நேராக மக்கேரின் சாடிக்குள் போய், சாடி வழிந்து, அவன் காலெல்லாம் எண்ணெய்.

"யோவ் அன்னோபால், என்னைய வறுக்கப் போறியா?" என்று கத்தினான்.

அப்போதுதான் நிமிர்ந்தேன். நீ வாசலைத் தாண்டிவிட்டாய்.

குழி நிரம்பியிருந்தால் நிமிர்ந்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது. நிரம்பக் கூடாது என்றுதான் இருந்தேனோ என்னவோ. நிமிர்ந்தால் ஒன்று போகாதே என்று சொல்லவேண்டும், இல்லை போய்வா என்று சொல்லவேண்டும். இரண்டுக்கும் எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவுதான் பதில். ஜூனில் வா.


லவுரியாக்கம்
பிப்ரவரி முதல் தேதிக்கு மூன்று நாள் முன்

அப்பாவுக்கு.

கல் பொய் சொல்லிவிட்டது.

டிசம்பரில் நிழல் மேல் கோட்டையும் தாண்டி, கோடே இல்லாத வெற்றுக் கல்லில் போய் விழுந்தது. எது ஒன்பது என்று தெரியாமல் குத்துமதிப்பாக உட்கார்ந்தேன். அவர் சாலையிலிருந்து திரும்பியதும் கேட்டேன்.

"அது உங்க ஊருக்கு வெட்டின கல்லு. இங்க செல்லாது."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நட்டு வச்ச அன்னிக்கே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ அவ்ளோ சந்தோஷமா உக்காந்தியே."

பகலும் இரவும் சமமான நாளில் உச்சியில் ஒன்பது அங்குலக் குச்சி நட்டால் இங்கே நிழல் பத்து அங்குலமாம். நம் ஊரில் ஆறுகூட வராதாம். அதனால் அந்த ஊர்க் கோடு இந்த ஊர்ச் சூரியனுக்குப் பொருந்தாது. சரி, இந்த ஊருக்கென்றே ஒரு கல் வெட்டலாமே என்றேன். வெட்டினாலும் பிரயோஜனமில்லை என்றார். குளிர்காலத்தில் இங்கே பகல் உங்கள் பகலைவிடக் குட்டை, மணியும் குட்டை. என் ஒன்பது முந்திவிடும், உங்கள் ஒன்பது பிந்தி வரும். நான் எழுந்து உள்ளே போனபிறகு நீங்கள் வந்து உட்கார்ந்திருப்பீர்கள். கோடையில் நீங்கள் எழுந்து போனபிறகு நான்.

ஒரு கோடு மட்டும் உண்மையாம். ஆறாம் மணிக் கோடு. உச்சி எல்லாக் கல்லிலும் உச்சிதான். நம் ஊர் இந்த முகாமுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறதாம். இங்கிருந்து நூல் பிடித்துக்கொண்டே போனால் உங்கள் கடைப் பக்கத்தில்தான் எங்கேயாவது போய் முட்டும் என்கிறார். ஆனால் உச்சிவேளை உங்களுக்கு வியாபாரம் சூடாக இருக்கிற நேரம். அதை நான் மறக்கவில்லை.

இன்னொன்று. டிசம்பரில் ஒரு பையன் பிறந்தான். ஒன்பதாம் நாள் பெயர் வைப்பது இவர்கள் வழக்கம். எட்டு நாள் இருந்தான். பெயர் இல்லாததால் எங்கேயும் எழுத ஒன்றுமில்லை. அவர் வீட்டுக் கூரை ஓரத்துக்குக் கீழே குழி தோண்டினார். கோலை எடுத்து அளந்தார். ஒன்றே முக்கால் அடி. அளந்து முடித்ததும் கோலைக் கீழே போட்டார். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது, பனி மூடியது.

அந்த எட்டு நாளும் அவனை மடியில் வைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்து, "பாரு, உங்க தாத்தா இப்ப ரொட்டி பிய்க்கிறாரு" என்று சொன்னேன். அப்போது நீங்கள் பிய்க்கவில்லை. அவனிடம் நான் சொன்ன ஒரே கதையும் பொய்யாகப் போய்விட்டது.

கப்பல் ஏறிவிடலாம் என்று சில நாள் தோன்றுகிறது. என் கேள்விக்குப் பதில் வரட்டும் என்று இருக்கிறேன். கடல் மூடியிருக்கும்போது பதில் எப்படி வரும் என்றும் தெரிகிறது.


லெப்சிஸ்
மே முதல் தேதிக்கு நான்கு நாள் முன்

அரிசாத்துக்கு.

உன் கடிதம் நேற்று வந்தது. என்னுடையது மார்ச்சிலேயே கிளம்பிவிட்டது, வழியில் எங்கேயோ ஒன்றை ஒன்று தாண்டியிருக்கும். அதில் பிள்ளை எத்தனை அடி என்று கேட்டிருந்தேன். அந்த வரியை நீ படித்திருப்பாய் இந்நேரம். கடலில் போன கடிதத்தை இழுத்துப் பிடிக்க ஒரு வழியும் இல்லை.

படித்ததும் அந்த அளவுக்கல்லுக்குப் போனேன். மூன்று கோடு இருக்கிறதே, அதில் மேலே இருப்பது நம் ஆட்களின் பழைய முழம். ரோமாபுரி அடியை அதன்மேல் வைத்துப் பார்த்தால் ஒன்றே முக்கால். நம் முழம் சரியாக ஒன்று. கோட்டின் இந்த முனையில் ஒரு விரல், அந்த முனையில் ஒரு விரல் வைத்தேன். பிறகு விரலை எடுக்க வரவில்லை. துணிக்காரன் ஒருவன் அளப்பதற்காகப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "பெரியவரே, அளந்தாச்சா?" என்றான். அளந்தாச்சு என்றேன்.

அங்கிருந்து நேராக ரொகாத்துஸிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"என் மகளுக்குக் கள்ள அளவையா குடுத்த?"

"யாரு கள்ளன்? நெழல்கல்லு வேணும்னு கேட்ட, வெட்டினேன். எந்த ஊருக்குன்னு சொன்னியா நீ?"

"சூரியன் ஒண்ணுதானடா!"

"சூரியன் ஒண்ணுதான். நிக்கிற இடம் ஒண்ணா?"

உச்சிக் கோடு ஒன்றுதான் எங்கும் பொது என்று அவனும் சொன்னான். உன் புருஷன் சொன்னதும் அதேதான். அந்த மனிதனுக்குத் தொழில் தெரியும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

நாற்பது வருடம் இந்தச் சந்தையில் எவனுக்கும் ஒரு சொட்டுக் குறைத்து ஊற்றியதில்லை. பெற்ற மகளுக்குத் தப்பான அளவை அனுப்பி, அதையும் முத்திரை போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஆறாம் மணியைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். அது முடியாது. குளியல் கூடங்கள், கோயில்கள், சமையல் கடைகள், எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். உன் அம்மா போன நாளிலும் உச்சிவேளையில் கடை திறந்திருந்தது, உனக்கே தெரியும். ஆனால் இந்தப் பேச்செல்லாம் எதற்கு? ஜூனில் நீ வந்துவிடுவாய். உன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.


லவுரியாக்கம்
மே பதினைந்தாம் தேதி

அப்பா,

அடைப்பான் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். ஐந்தாவது முறை அவருக்குப் படித்துக் காட்டினேன். மக்கேர் கத்துகிற இடத்தில் அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வெகுநாள் கழித்து. பிள்ளையை அளக்கச் சொன்ன இடத்தைப் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

அன்று நீங்கள் போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டே போயிருப்பேன். போய்வா என்று சொல்லியிருந்தால் போயிருக்கவே மாட்டேனோ என்னவோ. இனி அதை அளந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்களுக்குக் கேட்டது என்று தெரிந்தால் போதும் என்று இருந்தேன். மூன்றும் கேட்டது என்று எழுதிவிட்டீர்கள்.

நான் வரவில்லை, அப்பா. கூரை ஓரத்தில் இருப்பவனைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது. அவரையும்தான். அந்தக் கோலைப் பனியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தது நான். நான் கொடுக்கும்வரை அவர் எடுக்கவில்லை. பலித்தோவின் கப்பலில் என் இடத்தில் இந்தக் கடிதம் ஏறிக்கொள்ளட்டும்.

கல்லை எடுத்துப் போடவில்லை. தினமும் ஆறாம் மணிக்கு அதன் பக்கத்தில் உட்காருகிறேன், வெயில் இருக்கும் நாட்களில். உங்களுக்கு அது கடை நேரம். நான் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா சொன்னேன்.


லெப்சிஸ்
ஜூலை முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்

அரிசாத்துக்கு அப்பா எழுதுவது.

கப்பல் வந்தது. கடையை ஆளிடம் விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். பலித்தோ பலகையில் இறங்கி வந்து, "மாமா, ஆள் வரல, கடுதாசிதான் வந்திருக்கு" என்றான். உன் பெட்டியைத் தூக்க இரண்டு சுமையாட்களைக் கூட்டிப்போயிருந்தேன். சும்மா அனுப்ப மனசு வராமல் அவர்களிடம் ஒரு சாடியைக் கொடுத்துக் கடைவரை தூக்கிவரச் சொன்னேன். காலிச் சாடி.

அறையில் வெள்ளை காய்ந்துவிட்டது. இருக்கட்டும், அது கெட்டுப்போகிற சரக்கில்லை.

இனி வா என்று எழுதமாட்டேன். என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் வருகிறேன் என்றும் பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் உச்சியில் சந்தைக்கல்லில் நிழல் ஆறாம் கோட்டைத் தொட்டதும் மேடைக்குத் துணியைப் போட்டு மூடினேன். எட்டுப் பேர் வரிசையில். முன்னால் நின்றவன் மக்கேர்.

"என்னய்யா இது, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. மகளோட சாப்பாட்டு நேரம்."

"மக எங்க?"

வடக்கே கையைக் காட்டினேன். அவன் என் விரல் போன பக்கம் பார்த்தான். அங்கே மீன்கடைதான் இருந்தது. சாடியைக் கீழே வைத்துவிட்டு நிழலில் ஒதுங்கினான். மற்றவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். இரண்டு பேர் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். இன்றோடு ஆறு நாள் மூடியாயிற்று. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ரொகாத்துஸ் ஊரெல்லாம் சொல்கிறானாம்.

இந்தக் கப்பலில் இரண்டு சாடி எண்ணெய் அனுப்புகிறேன். சின்னக் குப்பி ஒன்று தனியாக இருக்கும், அது மாப்பிள்ளையின் கோலுக்கு. பனியில் கிடந்தால் இரும்புப் பூண் துருவேறும், வாரம் ஒருமுறை தடவச் சொல். கூரை ஓரத்தில் ஒரு கல் வைக்கச் சொல். பெயர் இல்லாவிட்டால் என்ன, ஒரு முழக் கோடு கிழித்தால் போதும். நம் முழம்.

உன் ஊரில் வெயில் இருக்கும் நாட்களில் உட்காருவதாக எழுதியிருக்கிறாய். இல்லாத நாள் எதுவென்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதனால் எல்லா நாளும் உட்காருகிறேன்.

உட்காருவதற்கு முன் எல்லாக் குழியிலும் அடைப்பானைச் செருகிவிடுகிறேன். பிறகு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, வாசல் பக்கம் பார்த்தபடி இருக்கிறேன்.